மழையில் கார்பெட் முகடு ஏறி மாத்தேரான் வரை: மும்பையிலிருந்து ஒரு நாள் ட்ரெக்குக்கு முழு வழிகாட்டி

ஜூன் மாதம் முதல் நல்ல மழை பெய்ததுமே தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நம் ஆட்கள் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் "இந்த ஞாயிறு எங்கே போகலாம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் அருவிப் படம் போடுவார், இன்னொருவர் எந்த ஸ்டேஷனில் இறங்கணும் என்று கேட்பார், பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள், அவ்வளவுதான், திட்டம் முடிந்தது. எப்படி ஏறுவது என்று பேசுகிறவர்கள் உண்டு, எப்படி இறங்குவது என்று பேசி நான் பார்த்ததே இல்லை.

மழைக்கால மலைப்பாதையில் எல்லா முடிவையும் இறக்கத்தை மனதில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். எந்தப் பாதை, எந்த ஷூ, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த இடத்தில் திரும்புவது எல்லாமே இதில் அடக்கம். ஏறும்போது கால் வழுக்கினால் சரிவு முகத்துக்கு நேரே ஒரு முழத்தில் இருக்கிறது, கையை ஊன்றிக்கொள்ளலாம். இறங்கும்போது உடம்பின் எடையெல்லாம் கீழே போகிற திசையில் இருக்கும், தொடை ஏற்கெனவே களைத்திருக்கும், நேரம் ஆகியிருக்கும், வண்டியைப் பிடிக்கணும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். அதனால் இந்த வழிகாட்டியில் அருவியைப் பற்றிக் குறைவாகவும் காலைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

முதலில் பாதை

முதல்முறை வழுக்குப் பாதைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கார்பெட் முகடு. சென்ட்ரல் லைனில் நேரலுக்கு அடுத்து, கர்ஜத்துக்கு முந்தைய ஸ்டேஷன் பிவ்புரி ரோடு. அங்கே இறங்கி, டிக்ஸல் ஊர்ப்பக்கம் நடந்து, பாலி பூதிவலி அணைக்கரை வழியாகப் போய், சாகாச்சிவாடி என்ற மலைக்குடியிருப்பு வரை ஏறி, அங்கிருந்து திறந்த புல்வெளி முகட்டில் நடந்து, கடைசியில் காட்டுக்குள் ஏறினால் மாத்தேரான் என்ற மலைமேல் ஊரின் கார்பெட் பாயிண்ட். கிட்டத்தட்ட 700 மீட்டர் ஏற்றம். அப்புறம் மாத்தேரானுக்குள் நடந்து தஸ்தூரி நாக்கா வந்தால் அங்கிருந்து நேரலுக்கு ஷேர் டாக்சி.

இதில் இருக்கிற பெரிய லாபம் என்னவென்றால் வழுக்குகிற பகுதி முழுக்க ஏற்றத்தில் வந்துவிடுகிறது, இறக்கம் தார் ரோட்டில் டாக்சியில். போன வழியிலேயே திரும்பி வர வேண்டிய பாதையில் இந்த வசதி கிடையாது. காலாவந்தின் துர்க் கோட்டை போல பாறையில் வெட்டிய செங்குத்துப் படிகளோ, காந்தஸிலிருந்து பீமாசங்கர் போகிற ஷிடி காட் போல இரும்பு ஏணி வைத்த பாதையோ நனைந்திருக்கும்போது புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அதே காந்தஸிலிருந்து கணேஷ் காட் என்று சுற்றிப் போகிற வழி ஒன்று இருக்கிறது, நீளம் அதிகம், ஆனால் சரிவு குறைவு. இரண்டு வழி இருந்தால் மழையில் நீளமான வழியையே எடுங்கள்.

நாள் குறிப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலைத் திறந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வியாழனிலிருந்தே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும், மும்பைக்கு அல்ல, ராய்கட் மாவட்டத்துக்கு. செம்பூரில் வெயில் அடிக்கும்போது கர்ஜத்தில் கொட்டும். அவர்கள் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் யோசித்துப் போகலாம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் வீட்டில் பஜ்ஜி போட்டுச் சாப்பிடுங்கள், பேச்சுக்கே இடமில்லை.

அன்றைய மழை மட்டும் கணக்கில்லை. அதற்கு முந்தைய மூன்று நான்கு நாள் எவ்வளவு பெய்தது என்பதும் அதே அளவு முக்கியம், ஏனென்றால் ஊறிய மண் மழை நின்ற பிறகும் சரியும். 2023 ஜூலை 19 இரவு இதே ராய்கட் மாவட்டத்தில் இர்ஷால்கட் கோட்டைக்குக் கீழே இருந்த இர்ஷால்வாடி என்ற குடியிருப்பு மண்ணுக்குள் புதைந்தது, நாள்கணக்கில் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு. அந்த மலையும் நாம் ஏறப்போகிற மலையும் ஒரே வகைப் பாறை, ஒரே வகை மண்.

இன்னொன்று, மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் அருவிகளுக்கும் சில கோட்டைகளுக்கும் தடை உத்தரவு போடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் அதைப் பார்த்துவிடுங்கள். தடை இருந்தால் "சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்திடலாம்" என்ற பேச்சு வேண்டாம். உங்களைத் தேடி வர வேண்டியவர்கள் அந்த ஊர் ஆட்கள்தான், அவர்களும் அதே வழுக்குப் பாதையில்தான் வர வேண்டும்.

காலில் என்ன, பையில் என்ன

ஷூ வாங்கும்போது எல்லோரும் தண்ணீர் புகாத ஷூவைத் தேடுகிறார்கள். இங்கே அது தேவையில்லை. முழங்கால் வரை ஓடையில் இறங்கும்போது மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், போனது வெளியே வராது, நாள் முழுக்கக் கனமான காலோடு நடக்க வேண்டியதுதான். வலைத்துணி வைத்த, தண்ணீர் வடிகிற ஷூவே போதும். பார்க்க வேண்டியது அடிப்பாகம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சம் கொடுக்க வேண்டும், கல்லு மாதிரி இருந்தால் ஈரப் பாறையில் நிற்காது. பள்ளங்கள் நாலைந்து மில்லிமீட்டர் ஆழமும், நடுவில் நல்ல இடைவெளியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் வழவழப்பாகிவிடும். சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி மலை) ஏறுகிறவர்கள் வருஷக்கணக்காகப் போடுகிற ஆக்‌ஷன் ட்ரெக்கிங் ஷூ விலையும் குறைவு, பிடிப்பும் நன்றாக இருக்கும். தினமும் ஓடப் போட்டுத் தேய்ந்த ஷூவைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் முழங்காலை மடக்க விடாது. பருத்தி பனியனும் வேண்டாம். சீக்கிரம் காய்கிற துணி, முழுக்கால் பேன்ட், சிந்தெடிக் சாக்ஸ் ஒரு ஜோடி காலில், ஒரு ஜோடி பையில். குடை முகட்டில் நிற்காது. போஞ்சோ (தலைவழியே போடும் தொளதொள மழைப்போர்வை) போடுகிறவர்கள் காற்றடிக்கிற இடத்தில் அதை இடுப்போடு கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது முன்னால் விழுந்து உங்கள் பாதத்தையே மறைத்துவிடும், பாதம் தெரியாமல் இறங்குவது ஆபத்து. சாதாரண மழைச்சட்டை இன்னும் நல்லது.

பைக்கு மேலே போடும் உறையை நம்பாதீர்கள். பைக்குள்ளே தடிமனான பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைத்துக் கழுத்தை முறுக்கிக் கட்டுங்கள். உள்ளே ஒரு முழு செட் உலர்ந்த உடை, இரண்டரை லிட்டர் தண்ணீர் (மழையில் தாகம் தெரியாது, வியர்வை நிற்காது), ஓஆர்எஸ் பாக்கெட், விசில், தலையில் மாட்டும் டார்ச், கிரேப் பேண்டேஜ், பேண்ட்-எய்டு, ஆன்டிசெப்டிக். சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்ச எதுவும் கிடையாது, கெட்டுப்போகாது, நனைந்த கையாலும் சாப்பிடலாம், உப்பும் புளிப்பும் உடம்புக்குத் தேவை. நடந்துகொண்டே கொறிக்கக் கடலைமிட்டாய். ஊன்றுகோல் ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் ஒன்றை மடக்கி வைத்துவிடுங்கள், கையால் பிடிக்க வேண்டிய இடம் நிறைய வரும்.

போனில் பாதையின் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், அணை தாண்டியதும் சிக்னல் தேடியே பேட்டரி கரைந்துவிடும். ஈரக் கையில் தொடுதிரை வேலை செய்யாது என்பதால் கைக்குட்டை ஒன்றைத் தனி ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

நேரக் கணக்கு

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது நல்ல பாதைக்கு, நல்ல காலுக்கு. சேறும் பாறையும் என்றால் வருகிற விடையோடு பாதியைக் கூட்டுங்கள், குழுவில் புதியவர்கள் இருந்தால் இரட்டிப்பாக்குங்கள். ஜூலையில் சூரியன் மறைய ஏழேகால் ஆகிவிடும் என்றாலும், மேகமும் மரமும் சேர்ந்த இடத்தில் ஆறு மணிக்கே தரை தெரியாது.

அதனால் அதிகாலைக் கர்ஜத் லோக்கல். அம்பர்நாத், பத்லாபூர் வண்டியில் தூக்கக் கலக்கத்தில் ஏறிவிடாதீர்கள், பிவ்புரிக்குப் போகாது. தாதரிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். ஞாயிறு பகலில் மெகா பிளாக் (தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்துவது) இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பும் வண்டியையும் முன்பே யோசித்து வையுங்கள், வழியில் நின்று அவசரப்படுகிற குழுதான் தப்பான இடத்தில் கால் வைக்கும். பகல் ஒரு மணிக்குள் புல்வெளி முகட்டை எட்டவில்லை என்றால் அங்கிருந்தே திரும்புவது என்று ரயிலிலேயே எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள். மேலே போய்ப் பேசினால் அந்தப் பேச்சு எடுபடாது.

நாலு பேருக்குக் குறையாமல் போங்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க வேண்டும், இரண்டு பேர் உதவிக்கு இறங்க வேண்டும், அதுதான் கணக்கு. பத்துக்கு மேல் போனால் முன்னால் போகிறவருக்குப் பின்னால் இருப்பவரைத் தெரியாது.

ஏறுவது

இந்த மலைகள் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உண்டானவை. கெட்டியான அடுக்கு செங்குத்தாக நிற்கும், மென்மையான அடுக்கு சரிவாகக் கரையும். இரண்டும் சேருகிற இடத்தில் உள்ளே ஊறிய தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் நடக்கிற பாதையில் சரிவு முடிந்து பாறைப்படி ஆரம்பிக்கிற இடங்கள் எப்போதும் ஈரமாக இருப்பது இதனால்தான். அங்கே நின்று பார்த்துக் கால் வையுங்கள்.

ஈரப் பாறை எல்லாம் ஒன்றல்ல. வெயில் படுகிற, சொரசொரப்பான சாம்பல் பாறையில் நனைந்தாலும் கால் நிற்கும். மரநிழலில், தண்ணீர் மெல்லிசாக வழிகிற இடத்தில், கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ மினுங்குகிற பாறைதான் ஆளைச் சாய்க்கும். அது பாசி, இங்கே ஷேவாள் என்பார்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள், சோப்பு மாதிரி நழுவும். அதில் குதிகால் வைக்கக்கூடாது, நுனிக்காலும் வைக்கக்கூடாது. வேறு வழியே இல்லை என்றால் பாதம் முழுவதையும் தட்டையாக வைத்து, எடையை மெதுவாக, நேராகக் கீழே இறக்கி, அடுத்த காலை உடனே எடுக்காமல் ஒரு மூச்சு நின்று பிறகு நகருங்கள். நடந்து தேய்ந்த நடுப்பாதையைவிட ஓரத்தில் சின்னக் கல் துருத்திக்கொண்டிருக்கிற இடம் பெரும்பாலும் நல்ல பிடி கொடுக்கும்.

மரவேர்கள் இன்னொரு வில்லன். பட்டை உரிந்த வேர் நனைந்தால் பாசியைவிட மோசம், அதிலும் சாய்வாகக் கிடக்கிற வேர். மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

கையால் எதைப் பிடிப்பது என்பதும் இப்படித்தான். புல்லைப் பிடித்தால் மண்ணோடு கையில் வரும். பாதை ஓரமெல்லாம் ஆள் உயரத்துக்கு நிற்கிற கார்வி, நம் நீலகிரிக் குறிஞ்சியின் இனம்தான், குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூத்தால் இது எட்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். பார்க்கக் கம்பு போல உறுதியாகத் தெரியும். காய்ந்த தண்டு படக்கென்று ஒடிந்துவிடும், அதை நம்பி உடம்பைச் சாய்க்காதீர்கள். பாறையையோ மரத்தின் அடிப்பாகத்தையோ பிடியுங்கள், பிடிக்கும் முன் கண்ணால் பாருங்கள். மழைக்காலத்தில் பச்சை நிறக் குழிவிரியன் பாம்பு புதர்க்கிளையில் அசையாமல் சுருண்டு கிடக்கும், இலையோடு இலையாகத் தெரியும். இரண்டு கை இரண்டு காலில் மூன்று எப்போதும் எதையாவது பற்றியிருக்க வேண்டும், ஒன்று மட்டும் நகர வேண்டும்.

செங்குத்தான இடத்தில் ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். கல் உருண்டால் "கல்லு!" என்று கத்த வேண்டும், கூட வேறு மொழிக்காரர்கள் இருந்தால் "பத்தர்!" என்று கத்துங்கள்.

ஓடை

மராட்டியில் ஓடா. கணுக்கால் அளவில் தெளிவாக ஓடுகிற தண்ணீர் அரைமணியில் இடுப்பளவு ஆகலாம், உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலே. மலைமேல் பெய்தது கீழே வர அவ்வளவு நேரம்தான். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, சத்தம் கனப்பது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கரையேறிவிடுங்கள், பையை எடுக்கிறேன் செருப்பை எடுக்கிறேன் என்று திரும்பாதீர்கள். 2024 ஜூன் 30 அன்று லோனாவ்லாவில் பூஷி அணைக்கு அருகில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் தண்ணீர் நடுவே பாறையில் கட்டிப்பிடித்து நின்றபடியே அடித்துச் செல்லப்பட்டார்கள். அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அந்த நிமிஷம் மறக்காது. தண்ணீர் ஏற ஆரம்பித்த பிறகு நிற்க நேரம் கிடையாது.

கடக்க வேண்டும் என்றால் முழங்காலுக்குக் கீழே இருந்தால் மட்டும். அகலமாக, ஆழமில்லாமல் ஓடுகிற இடத்தைத் தேடுங்கள். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நின்று கோலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கக்கூடாது, விழுந்தால் அந்தக் கயிறே தண்ணீருக்குள் அழுத்தும். சந்தேகமாக இருந்தால் உட்கார்ந்து காத்திருங்கள். சின்ன ஓடைகள் மழை நின்றதும் ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும்.

முகட்டில்

சாகாச்சிவாடியில் யாராவது கண்ணில் பட்டால் நின்று பேசுங்கள். "காகா, கார்பெட்லா வாட் கோண்ட்டி?" என்று கேட்டால் வழி சொல்வார்கள், மேலே எப்படி இருக்கிறது என்றும் சொல்வார்கள். நிஸர்ட என்று சொன்னால் வழுக்கும் என்று அர்த்தம், போகாதீர்கள் என்று சொன்னால் போகாதீர்கள். வழிகாட்டக் கூட வருகிறவருக்கு நியாயமான கூலி கொடுங்கள், மேகமூட்டமான நாளில் அது நல்ல செலவு.

புல்வெளி முகட்டில் கண்ணுக்குத் தெரிகிற விளிம்பு நிஜமான விளிம்பல்ல. புல் வெளியே நீண்டு வளர்ந்து அடியில் மண் இல்லாமல் தொங்கும். இரண்டு மீட்டராவது உள்ளே நில்லுங்கள், போட்டோவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. அப்போது செய்யக்கூடாத காரியம், வழி தேடிக் கீழ்நோக்கி இறங்கிப் பார்ப்பது. கீழே செங்குத்துப் பாறை அடுக்கு இருக்கிறது. கடைசியாகப் பாதை நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மேகம் நகரக் காத்திருங்கள். தனியாகப் பிரிந்தவர் ஒரு நிமிஷத்தில் ஆறு முறை விசில் ஊத வேண்டும், ஒரு நிமிஷம் நிறுத்தி மறுபடி ஆறு. கேட்டவர்கள் மூன்று முறை ஊதிப் பதில் சொல்ல வேண்டும்.

இடி மின்னல் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்திலும் மழை விடைபெறும் காலத்திலும்தான் வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணி முடியவில்லை என்றால் முகட்டை விட்டு வந்த பாதையில் இறங்குங்கள், தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

நனைந்த உடம்பில் விடாமல் காற்றடித்தால் நம்ம ஊர் வெப்பத்திலும் உடம்பு வெடவெடக்கும். யாராவது நடுங்கிக்கொண்டே பேச்சு குழறினால் உடனே மறைவான இடத்தில் உட்காரவைத்து உலர்ந்த உடை மாற்றி, இனிப்பாக ஏதாவது கொடுங்கள். அந்த உலர்ந்த செட் இதற்காகத்தான்.

இறங்குவது

கார்பெட் பாயிண்ட் எட்டிவிட்டால் மாத்தேரான் வழியாகப் போய்விடலாம். மேலே செம்மண், நனைந்தால் நன்றாகவே வழுக்கும், ஆனால் சரிவு குறைவு. 2003-இல் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஊர், தஸ்தூரியைத் தாண்டி வெளி மோட்டார் வண்டிகள் வராது, உள்ளே சில இ-ரிக்‌ஷாக்கள் ஓடினாலும் கால் வலித்தால் ஆட்டோ பிடிக்கலாம் என்று அதையே நம்பி வராதீர்கள். மேகமாக இருந்தால் சின்ன ரயில் பாதையை ஒட்டிய வழியில் நடந்தால் அமன் லாட்ஜ் ஸ்டேஷன் வந்துவிடும், தஸ்தூரி பக்கத்திலேயே. மழைக்காலத்தில் அந்த ரயில் நேரல் வரை இறங்காது. இருட்டிவிட்டால் ஷேர் டாக்சியும் குறையும்.

வந்த வழியிலேயே திரும்ப நேர்ந்தால் அங்கேதான் உண்மையான வேலை. இறங்கத் தொடங்கும் முன் பத்து நிமிஷம் உட்கார்ந்து சாப்பிட்டு, ஷூ நாடாவை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்கால் பக்கம் இறுக்கமாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விரல் முன்னால் இடித்து நகம் கறுக்கும்.

சறுக்கும் என்ற பயத்தில் எல்லோரும் உடம்பைப் பின்னால் சாய்க்கிறார்கள். அப்படிச் சாய்த்தால் எடை குதிகாலுக்குப் போய், ஷூவின் பாதி அடிப்பாகம் தரையைத் தொடாமலே நிற்கும், சறுக்கல் நிச்சயம். முழங்காலை மடக்கி, மூக்கு கால்விரலுக்கு நேராக வருகிற அளவு முன்னால் வந்து, ஓரடிக்கு மேல் போகாத சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் செருப்போடு இறங்குகிற மலைக்குடியிருப்புப் பெண்களைப் பின்னாலிருந்து கவனியுங்கள். முழங்கால் ஒருபோதும் நேராகாது, கால் தரையை விட்டு உயரவே உயராது, ஒவ்வொரு அடியும் வைத்த பிறகுதான் எடை அதில் இறங்கும்.

சேற்றுச் சரிவில் மட்டும் விதி மாறும். அங்கே பாதத்தைக் குறுக்கே திருப்பி, ஷூவின் ஓரத்தால் சேற்றில் ஒரு படி வெட்டுகிற மாதிரி அழுத்தி இறங்குங்கள். உயரமான பாறைப்படி வந்தால் குதிக்காதீர்கள். திரும்பி நின்று, மலையைப் பார்த்தபடி ஏணியில் இறங்குவது போல இறங்குங்கள், இல்லை உட்கார்ந்து நகருங்கள். பேன்ட் சேறானால் துவைத்துக்கொள்ளலாம். பழகியவர் ஒருவர் எப்போதும் கீழே முன்னால் போய், பின்னால் வருகிறவருக்குக் கால் வைக்கிற இடத்தைக் கையால் தொட்டுக் காட்ட வேண்டும். கடைசியில் இன்னொரு பழகியவர். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பாதீர்கள், முன்னால் வந்தவர்கள் ஓய்வெடுத்தாயிற்று, அவர் இன்னும் எடுக்கவில்லை.

அடிபட்டால்

கணுக்கால் சுளுக்கினால், இன்னும் நடக்க வேண்டியிருந்தால், ஷூவைக் கழற்றாமல் மேலேயே கிரேப் பேண்டேஜைச் சுற்றுங்கள், கழற்றினால் வீங்கி மறுபடி நுழையாது. தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ குழப்பமாகப் பேசினாலோ ஆளை நகர்த்தாமல் 112-ஐ அழையுங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஊர் ஆட்கள் உதவியோடு தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக் காற்றில் காயவையுங்கள், அடுப்பு, ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும், அடுத்த தடவை பாதி மலையில் ஷூ வாயைப் பிளக்கும். காலில், கையில் இருக்கிற கீறல்களை அன்றைக்கே சோப்பு போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். ஆடுமாடு மேய்கிற ஓடைத் தண்ணீரில் கீறலோடு நின்றிருந்தால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள், சில சமயம் ஒரு மாதம் கழித்தும் தலைகாட்டும். அந்த நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் ட்ரெக் போனதையும் தண்ணீரில் நின்றதையும் டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.